முள்ளு நல்லா வேலை செய்யுது

ஜுனைதா வெங்காயத்துக்கு வேர் கிள்ளிக்கொண்டிருந்தாள். குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயம் கிண்டுகிற காலத்தில் பெண்டுகளின் கைக்கு வேறு வேலை கிடையாது. தாளைப் பிடித்து, மண்ணை உதறி, வேரைக் கிள்ளி, பிடி பிடியாகக் கட்டித் தொங்கப் போடவேணும். கை அது பாட்டுக்கு வேலை செய்யும், வாய் அது பாட்டுக்குக் கதைக்கும். அன்றைக்கு ஜுனைதாவின் வாய் மட்டும் கதைக்கவில்லை. முந்தின நாள் பகல் தின்ற முள்ளுவாளை மீனின் முள்ளொன்று அவளுடைய தொண்டைக்குள் குறுக்கால நின்றுகொண்டிருந்தது.

செய்யவேண்டியதெல்லாம் செய்தாச்சு. சோற்றை உருண்டையாக்கி மெல்லாமல் விழுங்கினாள். உருண்டை போனது, முள்ளு போகவில்லை. வாழைப்பழத்தை விழுங்கினாள். பழமும் முள்ளுக்கு ஸலாம் சொல்லிவிட்டு ஒதுங்கிப் போனது. புருஷன் றிம்ஸான் முதுகில் நாலு தட்டுத் தட்டிவிட்டு, "பொறந்ததுல இருந்து கடல்ல நிக்கிறேன், எனக்கு ஒரு நாளும் முள்ளு சிக்கினதில்ல" என்று பெருமையும் பேசிவிட்டு வலை பார்க்கப் போனான். பால் குடிக்கிற மகனுக்கு இதில் ஒரு அபிப்பிராயமும் இல்லை. அவனுக்கு நேரத்துக்குப் பால் வந்தால் போதும்.

பக்கத்து வளவில் இருந்த ருஷ்தாதான் கண்டுபிடித்தாள். ருஷ்தா ஜுனைதாவின் கூடப்பிறந்த மூத்த நானாவுடைய பெண்சாதி, அவளுக்கு மதினி.

"என்ன புள்ள, எச்சில் முழுங்கக்குள்ள எல்லாம் கண்ணை மூடுறாய்?"

ஜுனைதா தொண்டையைக் காட்டினாள்.

"அல்லாவே! முள்ளா? வா ஆஸ்பத்திரிக்கு. முள்ளு எடுக்கிறது டொக்டர்மாருக்கு ஒரு வேலையா?"

இரண்டு பேரும் புறப்பட்டார்கள். ருஷ்தா மெலிஞ்ச ஆள். எங்கட பக்கத்துக் காற்றுக்கு அவளுடைய அபாயா முன்னால் போகும், அவள் பின்னால் போவாள். ஜுனைதா பாரமான ஆள். கலியாணம் கட்டும்போதும் அப்படித்தான், அதற்கு முந்தியும் அப்படித்தான், அவளைப் பெற்ற உம்மாவும் அப்படித்தான். அதனால் அதுவரைக்கும் யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை. வெங்காயச் சாக்கைத் தனியத் தூக்கித் தலையில் வைக்கிற பெண் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

அந்த நேரத்தில்தான் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் "ஆரோக்கிய மெலிவை நோக்கிய ஒருங்கிணைந்த நிறைக் குறைப்பு விசேட நிகழ்ச்சித்திட்டம்" அங்குரார்ப்பணம் செய்து வைக்கப்பட்டிருந்தது. அங்குரார்ப்பணம் என்றால் நாடா வெட்டி எல்லோருக்கும் கேக் கொடுத்தது. அதன்படி வாசலில் ஒரு தராசு வைத்தார்கள். தராசின் முகத்தில் மஞ்சளில் ஒரு கோடு. ஊசி கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் வலப்பக்கம் போகவேணும், அங்கே டொக்டர். கோட்டைத் தாண்டினால் இடப்பக்கம், அங்கே நிறை குறைக்கிற கிளினிக், பவுலினா மிஸ். காய்ச்சலோ, காதுக் குத்தோ, கண்ணில் மணலோ, எதுவாக இருந்தாலும் முதலில் தராசு.

ருஷ்தா சும்மா ஏறிப் பார்த்தாள். ஊசி அசைந்ததாகவும் சொல்லலாம், அசையவில்லை என்றும் சொல்லலாம்.

"நீங்க வலப்பக்கம்" என்றார் வாசலில் நின்ற அட்டெண்டன்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே."

"அப்ப இன்னும் நல்லம், கெதியா முடிஞ்சிரும்."

ஜுனைதா ஏறினாள். ஊசி கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. அட்டெண்டன் வாய் திறக்காமல் இடது கையை நீட்டினார்.

பவுலினா மிஸ் கொழும்பிலிருந்து புதுசாக வந்தவ. நல்ல பிள்ளை. ஒரு கடுஞ்சொல் அவட வாயில் வராது. மேசையில் இரண்டு ரோல்ஸும் பால் தேத்தண்ணியும் இருந்தன. மிஸ் மெலிஞ்சவ என்றபடியால் அது சத்துணவு. அதையே ஜுனைதா தின்றிருந்தால் அது கெட்ட பழக்கம்.

"என்ன பிரச்சினை தங்கச்சி?"

"முள்ளு மிஸ். தொண்டையில."

"முள்ளு எப்படிப் போனது?"

"மீன் தின்னக்குள்ள."

"ஏன் மீன் தின்னீங்க?"

குறிஞ்சிப்பிட்டியில் பிறந்த ஒருத்தரிடம் யாரும் இதுவரை கேட்காத கேள்வி. ஜுனைதா யோசித்து, "பசிச்சது மிஸ்" என்றாள்.

மிஸ் அன்போடு தலையை ஆட்டினா. "பார்த்தீங்களா? காரணத்தை நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க. நிறை கூடினா கழுத்துப் பெருக்கும். கழுத்துப் பெருத்தா உள்வழி ஒடுங்கும். ஒடுங்கின வழியில முள்ளு நிக்கும். நிறையைக் குறைங்க, வழி அகலும், முள்ளு தானா விழும். இது விஞ்ஞானம்."

"எனக்கும் போன வருசம் சிக்கினது மிஸ்" என்றாள் ருஷ்தா. "நான் இப்படித்தான் இருந்தேன்."

"உங்களுக்குச் சிக்கினா அது முள்ளுட பிழை" என்றா மிஸ். பிறகு ஜுனைதாவிடம் திரும்பி, "கடைசியா நல்லாச் சாப்பிட்டது எப்ப?" என்று கேட்டா.

"வெள்ளிக்கிழமை. கலியாண வீட்டுல."

"எவ்வளவு?"

"ஒரு சஹன் மிஸ்."

சஹன் என்றால் ஆறு பேர் வட்டமாகக் குந்தி, ஒரே தட்டில் கை போட்டுத் தின்னுகிற சோறு என்று நமக்குத் தெரியும். மிஸ்ஸுக்கு எப்படித் தெரியும்? எட்டிப் பார்த்து அட்டெண்டனிடம், "சஹன் எவ்வளவு பெரிசு?" என்று கேட்டா. அவர் இரண்டு கையையும் விரித்து, லொறிச் சில்லைக் கட்டிப்பிடிக்கிற மாதிரிக் காட்டினார். மிஸ்ஸின் கையில் இருந்த ரோல்ஸ் மேசைக்கே திரும்பிப் போனது.

"தனியவா?" என்று மெதுவாகக் கேட்டா.

"இல்ல மிஸ், சாப்பாட்டோட வட்டிலப்பமும் இருந்தது" என்றாள் ஜுனைதா. சோறு தனியவா, இனிப்பும் இருந்ததா என்று கேட்கிறதாக நினைத்தாள்.

ருஷ்தா வாயைத் திறந்தாள். "நோயாளி கதைக்கட்டும்" என்றா மிஸ். நோயாளிக்கு ஒவ்வொரு சொல்லும் முள்ளைத் தாண்டி வரவேண்டியிருந்தது. "ஆறு பேர்" என்கிற சொல் வந்து சேரவேயில்லை. ஒரு நேரத்துக்கு ஒரு சஹன் உண்ணும் பெண் என்று ஜுனைதா அன்றைக்கே அந்தத் திட்டத்தின் ஆய்வில் சேர்த்துக்கொள்ளப்பட்டாள். முள்ளோடு போனவள் முள்ளோடு திரும்பி வந்தாள். கூடுதலாகக் கிடைத்தது ஒரு ஆலோசனை: தினமும் வேகமாக நடக்கவேணும்.

முள்ளு நிற்கிற தொண்டையால் என்ன இறங்கும்? வடித்த கஞ்சி இறங்கியது. பிறகு அதுவும் சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஜுனைதா மெலியத் தொடங்கினாள். கன்னம் உள்ளே போனது, வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. ஊரார் வாய் நிறையச் சொன்னார்கள்.

"மாஷா அல்லாஹ், இப்பத்தான் வடிவா இரிக்கிறீங்க!"

"முகத்துல ஒரு களை வந்திரிக்கி!"

களை வந்திருந்தது காய்ச்சலால். அதை யாரும் கேட்கவில்லை. என்ன செய்தீங்க, எப்படிச் செய்தீங்க என்றுதான் கேட்டார்கள். கூச்சப்பட்ட ஜுனைதா உண்மையைச் சொன்னாள்: "முள்ளு." அந்தப் பேச்சு பக்கத்து ஊர் மாம்புரி வரைக்கும் போனது. அதுவரை பூனைக்குப் போட்டுக்கொண்டிருந்த முள்ளு மீனுக்கெல்லாம் சந்தையில் கிராக்கி வந்தது. கலியாணத்துக்கு நாள் குறித்த பெண்களின் உம்மாமார், "முள்ளுக் கூடினதாப் பார்த்துத் தாங்க தம்பி" என்று மீன்காரனிடம் பேரம் பேசினார்கள்.

கிளினிக்கில் பவுலினா மிஸ் கையைத் தட்டினா. "ஒரு சஹன்ல இருந்து ஒரு கோப்பைக் கஞ்சி! இலங்கையில வேற எங்கயும் இப்படி நடந்திருக்காது!"

"மிஸ், முள்ளு…"

"இருக்கட்டும் தங்கச்சி. அது நல்லா வேலை செய்யுது."

"நோவுது மிஸ். புள்ளைக்குப் பாலும் குறைஞ்சு போச்சு."

"பாலும் நிறைதானே? அதுவும் குறையத்தான் செய்யும்."

ஆய்வுக்குப் பொறுப்பான மர்ஸூக் சேரும் அன்றைக்கு வந்திருந்தார். சேர் படித்த படிப்பைச் சொல்லி முடிக்க ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் எடுத்தது. கடைசியில், இந்த நிகழ்ச்சித்திட்டம் நூற்றுக்கு நூறு வெற்றி என்று அறிவித்தார். துணைக்கு வந்திருந்த ருஷ்தாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சேர், தொடங்கக்குள்ள இந்தக் கதிரையெல்லாம் ஆக்கள் நிறைஞ்சிருந்தாங்க. இப்ப அரைவாசிக்கு மேல காலியா இரிக்கி."

"கதிரைகள் ஆய்வுக்குள்ள வராது."

"அதுல இருந்த ஆக்கள்?"

"வந்தவங்களைத்தான் நிறுக்க ஏலும். வராதவங்களை எப்படி நிறுக்கிறது? வந்த எல்லாரும் மெலிஞ்சிருக்காங்க."

"மெலியாதவங்க மிஸ் கவலைப்படுவாண்டு வெக்கத்துல வராம நிண்டுட்டாங்க சேர்."

"பார்த்தீங்களா, ஒத்துழைப்பு இல்ல. ஒத்துழைப்பு இல்லாதவங்களுக்காக ஒரு நல்ல முடிவைப் பழுதாக்க ஏலுமா?"

"மெலிஞ்சவங்க பிறகு திரும்பக் கூடினா?"

"ஆய்வு மூணு மாசத்துக்குத்தான். அதுக்குப் பிறகு கூடுறது அவங்கட சொந்த விஷயம். நாங்க ஒருத்தர்ட சொந்த விஷயத்துல தலையிடுறதில்ல."

வீட்டுக்கு வரும் வழியில் ஜுனைதா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கழுத்தின் ஒரு பக்கம் வீங்கி, தொட்டால் சுட்டது. வீட்டில் மகன் பால் இல்லாத மார்பைச் சப்பிச் சப்பி அழுதான். அவனோடு சேர்ந்து அவளும் சத்தமில்லாமல் அழுதாள். சத்தம் போட்டு அழவும் முள்ளு விடவில்லை.

"இந்த முள்ளு வெளிய வராட்டி நான் மவுத்தாகிருவேன் மதினி."

ருஷ்தா அவளுடைய கழுத்து வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "உன்ட முள்ளுக்கு என்ட உடம்புதான் வேணும் போல இரிக்கி" என்றாள்.

அடுத்த நாள் காலையில் ருஷ்தா தனியப் போய்த் தராசில் ஏறினாள். நாற்பத்தொரு கிலோ. அட்டெண்டன் வலது கையை நீட்டினார். டொக்டருக்கு முன்னால் போய் இருந்து, எச்சில் விழுங்கி, ஜுனைதா கண்ணை மூடுகிற மாதிரியே கண்ணை மூடினாள்.

"என்ன?"

"முள்ளு டொக்டர்."

"எவ்வளவு நாளா?"

"இந்த மாசம் முழுக்க."

டொக்டர் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "மாசமா? முள்ளு தொண்டையில இருக்கக்குள்ள என்ன செய்துகொண்டு இருந்தீங்க? உயிருக்கு ஆபத்து தெரியுமா?" டோர்ச் அடித்துப் பார்த்தார். இல்லாத முள்ளு தெரியவில்லை. "ஆழத்துல நிக்குது" என்றார். உடனே டவுன் ஆஸ்பத்திரித் தொண்டை டொக்டருக்கு, அவசரம் என்று சிவப்புக் கோடு போட்டு, துண்டு எழுதி சீல் குத்தினார். பாருங்க, நல்ல டொக்டர். அவருடைய கதவு வலப்பக்கம் இருந்தது மட்டும்தான் குறை.

அந்தத் துண்டோடு பஸ் ஏறினது ஜுனைதா. டவுன் ஆஸ்பத்திரியில் பதிவு எழுதுகிற லிகிதர் துண்டைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், தராசைக் காட்டினார். இவ்வளவு மெலிஞ்சும் ஊசி எழுபத்தெட்டில் நின்றது.

"ருஷ்தா எண்டது நீங்களா?"

"துண்டுல அப்படித்தான் இரிக்கி சேர்."

"இதுல நாற்பத்தொரு கிலோ எண்டு இருக்கு."

"ஓம், அப்படியும் இரிக்கி."

லிகிதர் யோசித்தார். துண்டில் சீல் இருந்தது, ஆளில் சீல் இல்லை. அதற்காகத் தராசைப் பொய்யாக்கவும் ஏலாது, அதுவும் அரசாங்கத் தராசு. இரண்டுக்கும் மரியாதை கொடுத்து எழுதினார்: காலையில் நாற்பத்தொன்று, பகலில் எழுபத்தெட்டு. உள்ளே போங்க என்றார்.

தொண்டை டொக்டர் வயசான மனுசி. நிறையைக் கேட்கவில்லை, பேரைக்கூடக் கேட்கவில்லை. "ஆ காட்டுங்க மகள்" என்றா. ஊற்றி வைத்த பிளேன்டித் தேத்தண்ணி ஆற முந்தி வேலை முடிந்தது. வெள்ளைப் பீங்கானில் அந்த முள்ளு கிடந்தது, ஒரு நகக்கண் அளவுக்கும் இல்லை. ஜுனைதா எச்சில் விழுங்கினாள். இன்னொருக்கா விழுங்கினாள். பிறகு கொஞ்சமும் வெக்கம் இல்லாமல் சத்தமாக அழுதாள்.

"மருந்து ஒழுங்காக் குடிக்கோணும்" என்றா டொக்டர். "நல்லாச் சாப்பிடோணும்."

எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு டொக்டரின் வாயால் அந்தச் சொல்லைக் கேட்டாள். ஜுனைதா சொன்னபடி கேட்கிற ஆள். பஸ் ஸ்டாண்டில் பாணும் பருப்பும் தின்னத் தொடங்கினவள், வீட்டில் றிம்ஸான் கொண்டு வந்த மீனில் கொண்டு போய் நிறுத்தினாள். காய்ச்சல் விட்டது. பால் ஊறியது. மகன் அழுகையை நிறுத்தினான். கொஞ்ச நாளில் வளையல் மணிக்கட்டுக்கு இறங்கி வந்தது.

கதை இதோடு முடிந்திருக்கும், நிறை எழுதின துண்டு மட்டும் எங்கட ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகாமல் இருந்திருந்தால்.

ஒரு பெண் காலையிலிருந்து பகலுக்குள், ஒரு பஸ் பயணத்தில், முப்பத்தேழு கிலோ கூடியிருக்கிறாள்! பவுலினா மிஸ் நெஞ்சைப் பிடித்தா. அட்டெண்டன் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்து ருஷ்தாவைக் கையோடு கூட்டிப் போனார். ஏற்றி நிறுத்தார்கள். நாற்பத்தொன்று.

எல்லோரும் குனிந்து ஊசியைப் பார்த்தார்கள். மர்ஸூக் சேருக்குத்தான் முதலில் வாய் வந்தது.

"ஒரு மாசத்துக்குள்ள முப்பத்தேழு கிலோ குறைச்சிருக்கா! சுபஹானல்லாஹ்!"

பின்னால் வந்த ஜுனைதாவுக்கு அல்லாஹ் தைரியத்தைக் கொடுத்தான். "சேர், அது மதினி இல்ல. டவுனுக்குப் போனது நான். அந்த நிறை என்ட நிறை."

சேர் அவளைத் தராசில் ஏற்றினார். ஊசி பழைய இடத்துக்கே திரும்பி வந்திருந்தது.

"நீங்க கூடியிருக்கீங்க தங்கச்சி."

"ஓம் சேர். முள்ளை எடுத்தாச்சு, அதால…"

"கூடினவங்க இடையில விலகினவங்க. விலகினவங்க ஆய்வுல இல்ல. ஆய்வுல இல்லாத ஆள் சொல்றதை ஆய்வு எப்படிக் கேக்கிறது?"

"நானும் அதைத்தான் சேர் சொல்றேன்" என்றாள் ருஷ்தா. "நான் எப்பவும் இப்படித்தான். எனக்குக் குறைக்க ஒண்டுமே இருக்கல்ல."

"அடக்கம்" என்றார் சேர். மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டா.

சுவரில் ஒட்ட ஒரு பெரிய படம் அடிப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. ஒரு பக்கம் "முன்", மறுபக்கம் "பின்". பின்னுக்கு ருஷ்தா இருந்தாள். முன்னுக்கு ஆள் இல்லை. மிஸ் சுற்றிவரப் பார்த்தா. கண் ஜுனைதாவில் வந்து நின்றது.

"தங்கச்சி, ஒரு உதவி. சும்மா வந்து நில்லுங்க. முகத்தை மறைச்சிருவம், ஒருத்தருக்கும் தெரியாது."

ஜுனைதா கூச்ச சுபாவம். வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை. நின்றாள்.

படம் கிளினிக் வாசலில் ஏறியது. பக்கத்து ஊர்ப் பெண்களெல்லாம் ருஷ்தாவின் வீட்டுக்கு வந்தார்கள். அவள் தினமும் மூன்று நேரமும் சோறு தின்னுகிறேன் என்று சத்தியம் பண்ணினாள். உடனே "சோற்று முறை" என்று ஒன்று பரவியது. கலியாண வீடுகளில் ருஷ்தா கை போட்ட சஹனில் குந்துவதற்கு இடம் பிடிக்கச் சண்டை நடந்தது. ஜுனைதா மகனுக்கு ஊசி போடப் போகும்போதெல்லாம் படத்துக்குக் கீழே காத்திருந்தாள். பெண்டுகள் "முன்"னைப் பார்த்து நாக்கைச் சப்புவார்கள், "பின்"னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு அவளும் பெருமூச்சு விட்டாள்.

ஒரு பின்னேரம் ருஷ்தா வந்து குசினி வாசலில் குந்தினாள். கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை தட்டில் கிடுகிடுவென்று சத்தம் போட்டது.

"புள்ள, கொஞ்ச நாளா எனக்குக் கை நடுங்குது. நெஞ்சு படபடவெண்டு அடிக்குது. என்ன தின்னாலும் உடம்புல ஒட்டுதில்ல, இன்னும் மெலிஞ்சு போறேன். டொக்டர்கிட்டச் சொன்னா, உங்களுக்கு என்ன குறை, நீங்கதானே முன்மாதிரி எண்டு சிரிக்கிறார். எனக்குப் பயமா இரிக்கி."

ஜுனைதா அடுப்பை விட்டு வந்து மதினிக்குப் பக்கத்தில் இருந்தாள். நடுங்குகிற அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தாள். அந்தக் கை எவ்வளவு மெல்லிசு என்று பார்த்தாள். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"மதினி, நான் உங்களுக்கு அந்நியமா? அந்தப் படத்துல நிக்கிறது நானும் நீங்களும்தான். மத்தவங்களுக்குச் சொல்லாட்டியும் எனக்குச் சொல்லலாம்தானே. உள்ளதைச் சொல்லுங்க, எப்படி மெலிஞ்சீங்க?"

"நீயுமா புள்ள?" என்றாள் ருஷ்தா. அறைக்குள்ளிருந்து றிம்ஸான் கத்தினான்:

"ஜுனைதா! புள்ள எழும்பிட்டான், ஓடி வா!"

ஜுனைதா எழும்பினாள். இரண்டடி வைத்தவள் திரும்பி வந்து, மதினியின் காதோரம் குனிந்தாள்.

"போயிராதீங்க மதினி, இந்தா வாறேன். தின்னுறது என்ன, குடிக்கிறது என்ன எண்டு ஒண்டும் விடாமச் சொல்லோணும், அந்த நடுக்கம் வாறதுக்கும் நீங்க என்ன செய்றீங்க எண்டதையும்!"